ஃபாவுஸ்டோ கோப்பி

ஆஞ்சலோ ஃபாவுஸ்டோ கோப்பி (செப்டம்பர் 15, 1919 – ஜனவரி 2, 1960) இத்தாலியைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். பல நாட்கள் தொடர்ந்து நடைபெறும் ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தை ஐந்து முறையும் (1940, 1947, 1949, 1952, 1953), டூர் டி பிரான்சு பந்தயத்தை இரண்டு முறையும் (1949, 1952) வென்றார். இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரர் இவரே.

இளமை

இத்தாலியின் வடமேற்கில், பியட்மாண்ட் பகுதியிலுள்ள காஸ்தெல்லானியா என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதின்ம வயதில் நோவி லிகுரே நகரின் இறைச்சிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, வீடுகளுக்கு மிதிவண்டியில் பொருள் கொண்டுசென்றார். அங்கு பியாஜோ கவான்னா என்னும் பார்வையற்ற உடற்பிடிப்பு வல்லுநரின் அறிமுகம் கிடைத்தது. தசைகளைத் தொட்டே வீரரின் திறனை அறிபவர் எனப் பெயர் பெற்ற கவான்னா இவருடைய ஆசானானார்.

1940 ஜீரோவில், புகழ்பெற்ற ஜீனோ பார்த்தாலிக்கு உதவும் துணை வீரராகவே கோப்பி சேர்க்கப்பட்டார். தொடக்கத்திலேயே நாயொன்றின் குறுக்கீட்டால் விழுந்து காயமுற்ற பார்த்தாலி பின்தங்கினார். 20 வயதுக் கோப்பி பந்தயத்தை வென்றார். பந்தயம் முடிந்த மறுநாள் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. 1942 நவம்பரில் மிலான் நகரில் ஒரு மணி நேரத்தில் சுமார் 45.8 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். 14 ஆண்டுகள் நிலைத்த இச்சாதனையை 1956இல் ஜாக் ஆங்கெத்தில் முறியடித்தார். 1943இல் துனீசியாவில் பிரித்தானியப் படையினரிடம் போர்க் கைதியானார்.

இரு அணி ரசிகர்கள்

போருக்குப் பின் இத்தாலிய ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். கோப்பியின் ரசிகர்கள் கோப்பியானி எனவும் பார்த்தாலியின் ரசிகர்கள் பார்த்தாலியானி எனவும் அழைக்கப்பட்டனர். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடைய பார்த்தாலி பழமையின் அடையாளமாகவும், கோப்பி புதுமையின் அடையாளமாகவும் பார்க்கப்பட்டனர். இப்பிரிவினை ஓரளவு மிகைப்படுத்தப்பட்டதே என்றாலும், போட்டி உண்மையானது. 1948 உலக வாகையர் போட்டியில் இருவரும் ஒருவரையொருவர் கண்காணிப்பதிலேயே நேரத்தைக் கழித்துப் பாதியில் விலகியதால், இத்தாலியக் கூட்டமைப்பு இருவரையும் சிறிது காலம் தடை செய்தது.

இத்தகைய பந்தயங்களில் ஒவ்வொரு நாள் நேரமும் கூட்டப்பட்டு, மொத்தம் குறைவாக உள்ளவரே வெற்றியாளராகிறார். சமவெளியில் வீரர்கள் கூட்டமாகச் செல்வதால் நேர வேறுபாடு சிறிதே. முடிவைப் பெரும்பாலும் மலைகளே தீர்மானிக்கின்றன. சாலையோரம் நிற்கும் ரசிகருக்கு வீரர்கள் சில நொடிகள் மட்டுமே தெரிவர். தொலைக்காட்சி பரவாத அக்காலத்தில் எஞ்சியதை வானொலியும் மறுநாள் செய்தித்தாளும்தான் கூறின.

அவ்வகையில் மிகவும் பேசப்படுவது ஜூன் 10, 1949 அன்று குனேயோவிலிருந்து பினெரோலோ வரை நடந்த 254 கி.மீ. கட்டமாகும். மத்தலேனா, வார், இசோவார், மோன்ஜெனேவ்ர், செஸ்த்ரியேரே ஆகிய ஐந்து கணவாய்களைக் கடக்க வேண்டியிருந்தது. முதல் கணவாயிலேயே பிரிந்த கோப்பி 192 கி.மீ. தனியாக ஓட்டி முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த பார்த்தாலி 11 நிமிடம் 52 நொடி பின்தங்கியிருந்தார். எழுத்தாளர் தீனோ புட்சாத்தி இப்பந்தயத்தைப் பின்தொடர்ந்து செய்தித்தாளுக்கு எழுதினார்.

அடுத்த மாதம் டூர் பந்தயத்தில் கோப்பி விபத்துக்குள்ளாகி அரைமணி நேரத்திற்கும் மேல் இழந்தார். விலக விரும்பிய இவரை அணி மேலாளர் அல்ஃபிரேதோ பிந்தா தடுத்தார். ஆல்ப்சு மலையில் அந்த இழப்பை ஈடுசெய்து, பார்த்தாலியைவிடப் பத்து நிமிடங்களுக்கு மேல் முந்தி வென்றார். 1952 டூரின்போது இருவரும் நீர்க்குப்பியொன்றைப் பகிரும் ஒளிப்படம் புகழ்பெற்றது. யார் யாருக்குக் கொடுத்தார் என்ற வாதம் இன்றும் தீரவில்லை.

சொந்த வாழ்க்கை

தம்பி செர்சே கோப்பியும் பந்தய வீரரே. 1951இல் தூரின் நகரில் பந்தயத்தில் விழுந்து, சில மணி நேரத்தில் இறந்தார். பின்னர் கோப்பி, ரசிகராக அறிமுகமான ஜூலியா ஒக்கீனியுடன் வாழத் தொடங்கினார். இருவரும் ஏற்கெனவே மணமானவர்கள். அன்று இத்தாலியில் மணவாழ்வு மீறல் குற்றம் என்பதால் 1955இல் வழக்கு நடந்தது. ஒக்கீனி சில நாட்கள் சிறையிலும் இருந்தார். ஆரவாரித்த ரசிகர்களில் பலர் அப்போது இவரைத் தூற்றினர். ஊக்க மருந்து பயன்படுத்தியதைத் தொலைக்காட்சியில் இவரே ஒப்புக்கொண்டுள்ளார்; அக்காலத்தில் அதற்குத் தடையில்லை.

மறைவு

1959 டிசம்பரில் மேல் வோல்ட்டாவில் (இன்றைய புர்க்கினா பாசோ) நடந்த காட்சிப் பந்தயத்திற்குச் சென்றபோது கோப்பிக்கும் பிரெஞ்சு வீரர் ரஃபாயேல் ஜெமினியானிக்கும் மலேரியா தொற்றியது. பிரான்சில் நோய் கண்டறியப்பட்டு ஜெமினியானி பிழைத்தார். இத்தாலியில் மருத்துவர்கள் அதனைக் கண்டறியவில்லை. தோர்த்தோனா மருத்துவமனையில் 40ஆம் வயதில் கோப்பி இறந்தார். தம்பியின் அருகே காஸ்தெல்லானியாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

1965 முதல் ஜீரோ பந்தயப் பாதையின் மிக உயர்ந்த இடம் சீமா கோப்பி எனப்படுகிறது. பிறந்த ஊரின் பெயர் 2019இல் காஸ்தெல்லானியா கோப்பி என மாற்றப்பட்டது.