மரையா மிச்செல் அம்மையார்

வானத்தைப் பற்றிய கல்வியை நான்கு சுவர்களுக்குள் முற்றக் கற்பித்தல் இயலாது. மாணாக்கர் தம் கண்ணாலேயே கண்டு, தம் கையாலேயே குறித்து அறிதல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர், அமெரிக்க நாட்டு வான சாஸ்திரியாகிய மரையா மிச்செல் அம்மையார் ஆவர்.

இவர் 1818-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ஆம் தேதி, நான்டக்கெட் என்னும் சிறு தீவிலே பிறந்தார். திமிங்கில வேட்டைக்குக் கடல் கடந்து செல்லும் மாலுமிகள் நிறைந்த அத்தீவில், விண்மீன்களை அறிதல் உயிர்காக்கும் கல்வியாயிருந்தது. தந்தையார் வில்லியம் மிச்செல் தம் மகளுக்கு அதனை ஆர்வத்தோடு கற்பித்தார். 1831-ஆம் ஆண்டில் கங்கண சூரிய கிரகணம் நேர்ந்தபொழுது, தந்தையார் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் நோக்க, பன்னிரண்டு வயதுச் சிறுமியாகிய மரையா கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணினார்.

பின்னர் அவ்வூர் நூல் நிலையத்தில் பணிபுரிந்துகொண்டே இரவுதோறும் வானத்தை ஆராய்ந்து வந்தார். 1847-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி புதியதொரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, டென்மார்க்கு அரசரின் பொற்பதக்கம் பெற்றார்.

1865-ஆம் ஆண்டில் பெண்களுக்கென்று வாஸர் கலாசாலை திறக்கப்பட்டபொழுது, அம்மையார் ஆங்கு வான சாஸ்திரப் பேராசிரியரானார். மார்க்கு இடுவதில் அவருக்கு விருப்பமில்லை. உற்று நோக்கும் பழக்கத்தையே பெரிதாக மதித்தார். 1869-ஆம் ஆண்டு முழுக் கிரகணத்தைக் காண மாணவிகளை அயோவா மாகாணத்துப் பர்லிங்டனுக்கு அழைத்துச் சென்றார்.

1873-ஆம் ஆண்டில் எட்வர்டு கிளார்க்கு என்னும் பாஸ்டன் வைத்தியர், உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று நூல் எழுதினார். பலர் அதனை நம்பினர். பெண்கல்வியின் எதிர்காலமே ஐயத்திற்குள்ளாயிற்று. அதற்கு அம்மையாரின் செயலே தக்க விடையாயிற்று.

1878-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி மற்றொரு முழுக் கிரகணம் நேர்ந்தது. அறுபது வயது நிறைய மூன்று நாட்களே இருந்த அம்மையார், ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலில் பிரயாணம் செய்து டென்வர் நகரை அடைந்தார். அவ்விடத்து இரு ரயில்வே கம்பெனிகளின் பூசலால் கருவிப் பெட்டிகள் வழியில் தங்கிவிட்டன. பெருமழையும் பெய்தது. எனினும் பெட்டிகளும் உரிய காலத்தில் வந்தன, வானமும் தெளிந்தது. ஊர்ப்புறத்து மேட்டில் பெண்கள் அறுவர் தத்தம் இடத்தில் நின்றனர். மூவர் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளில் நோக்கினர். ஒருவர் விநாடிகளை உரக்க எண்ணினார். ஒருவர் சித்திரம் வரைந்தார். மற்றொருவர் வானிலும் நிலத்திலும் தோன்றிய ஒளி வேறுபாடுகளைக் கவனித்தார். முழு இருள் நிலவியது ஏறக்குறைய 2 நிமிஷம் 40 விநாடியே. தந்தைக்காகச் சிறுமி செய்த பணியை அன்று ஓர் இளம் பெண் தம் ஆசிரியைக்காகச் செய்தாள்.

அம்மையார் 1889-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி காலமானார். பர்லிங்டனுக்குச் சென்ற மாணவியருள் ஒருவரான மேரி விட்னியே அவருக்குப்பின் அப்பேராசிரியர் பதவியை வகித்தார். தாம் கண்டதை மட்டுமன்றிக் காணும் ஆற்றலையும் பிறருக்கு வழங்கிச் செல்வதே நல்லாசிரியர்க்கு அழகாகும்.