ஒரு பைசா விலையில் ஒரு வகுப்பறை

காத்தவராயன் என்ற இயற்பெயருடன் 1845இல் பிறந்த அயோத்திதாசர், சித்த மருத்துவர். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பியவர், சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய வார இதழுக்கு விலையே பெயரிலும் இடம்பெற்றது: ஒரு பைசாத் தமிழன். ஓராண்டில் ‘தமிழன்’ எனச் சுருங்கிய அவ்விதழில் வரலாறு, இலக்கியம், மருத்துவம் யாவும் வந்தன. வாசகர் வினாக்களுக்கு அவரே விடையிறுத்தார். பள்ளி வாயில் அடைக்கப்பட்டோருக்கு அதுவே வகுப்பறையாயிற்று என்பது என் துணிபு. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரிடையே அதற்கு ஊன்றிய வாசகர்கள் இருந்தனர். திருமங்கலம் வட்டாரத்தில் மாலை வகுப்பு நடத்த முனையும் தோழர்கள் நின்று கருத வேண்டிய இடம் இது: வாசித்தவர்களே இதழைத் தாங்கினார்கள். 1914இல் அயோத்திதாசர் மறைந்தார். பின்னர் நின்றுபோன ‘தமிழன்’, 1926இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது.