தயிரில் ஆயுளைத் தேடியவர்

பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடும் நம்மில் பலருக்கு, கடைசியில் தயிரோ மோரோ இல்லாவிட்டால் சாப்பிட்ட நிறைவே வராது. வயிற்றுக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்லி வந்ததை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனவர் இலியா மெச்னிகோவ் எனும் அறிஞர் ஆவார்.

இவர் 1845-ஆம் ஆண்டு, இன்றைய உக்ரேனில் உள்ள கார்கிவ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். (நம்மால் ஆகிற காரியமா இது!)

ஆனால் இல்வாழ்க்கை அவரை வாட்டியது. 1869-இல் நடந்த திருமணத்தின்போது மணப்பெண் லுட்மிலாவை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். அவ்வளவு கடுமையான காசநோய். 1873-இல் அவர் இறந்தபோது மெச்னிகோவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பிறகு ஒல்காவை மணந்தார். 1880-இல் ஒல்காவுக்கு டைபாய்டு காய்ச்சல் வர, மீண்டும் அதே முயற்சி. நல்லவேளையாக இருவருமே பிழைத்துக்கொண்டனர். சாவை இருமுறை நாடிய இந்த மனிதர்தான் பின்னாளில் மனித ஆயுளை நீட்டிக்க வழி தேடினார்.

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரம். நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் உயிரணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. நோய்க்கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கும் அணுக்கள் உண்டு என்ற கருத்து இங்கிருந்தே வளர்ந்தது. அதற்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1888 முதல் பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கழகமே அவருடைய இடம். பெருங்குடலில் உணவு அழுகி உண்டாகும் நஞ்சே முதுமைக்குக் காரணம் என்று அங்கே அவர் முடிவு கட்டினார். பால் புளித்தால் அழுகுவதில்லை. லாக்டிக் அமிலம் தடுக்கிறது. அப்படியானால் அந்த பாக்டீரியாவைக் குடலுக்குள் அனுப்பினால் என்ன? தயிர் உண்ணும் பல்கேரிய விவசாயிகள் நெடுங்காலம் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். 1905-இல் ஸ்தாமென் கிரிகோரோவ் எனும் பல்கேரிய மாணவர் அந்தத் தயிரின் பாக்டீரியாவை இனங்கண்டதும் அவருக்கு நம்பிக்கை உறுதியானது. தாமும் தினமும் புளித்த பால் குடித்தார்.

இங்கே அவர் சறுக்கினார் என்றே சொல்ல வேண்டும். பெருங்குடல் மனிதனுக்குத் தேவையற்றது என்றுகூட எழுதினார். அது தவறு. பல்கேரியக் கிழவர்களின் வயதும் சரியான சான்று ஆகாது. அந்த பாக்டீரியா நம் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை எனப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் கண்டனர். அவரும் 1916-இல் தம் 71-ஆம் வயதில் இதய நோயால் காலமானார்.

ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சாகவில்லை. குடல் வரை உயிரோடு போய்ச் சேரும் பாக்டீரியாவை 1930-இல் ஜப்பானின் மினோரு ஷிரோத்தா வளர்த்தெடுத்தார். நம் கடைகளில் விற்கும் யாகுல்ட் அதன் வழி வந்ததுதான். இன்று பாரம்பரிய சீஸ், தயிர், ஏன், நம் நாட்டுத் தெம்போயாக்கிலிருந்தும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துச் சோதிக்கிறார்கள். இரைப்பை அமிலத்தைத் தாங்குமா, பித்தநீரில் பிழைக்குமா, குடல் அணுக்களில் ஒட்டுமா என்று பார்க்கிறார்கள். சோதனைக் குழாயில் தேறியது மனித உடலிலும் பயன் தருமா என்பதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். மெச்னிகோவ் தாண்டிச் சென்ற படி அதுதான்.

அவருடைய அஸ்தி, அவர் உழைத்த பாஸ்டர் ஆய்வுக்கழகத்தின் நூலகத்திலேயே வைக்கப்பட்டது.