பாட்டுக்காரர் ஈவ் மோன்தான்

ஒர்க் ஷாப்பில் கை கறுத்த நம்ம ஆட்களுக்கு 1953-ல் வந்த 'பயத்தின் கூலி' என்ற பிரெஞ்சுப் படம் நிச்சயம் பிடிக்கும். நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரியை மேடு பள்ளத்தில் ஓட்டுபவர் ஈவ் மோன்தான். அதுவரை பாடகராகவே பெயர் பெற்றவர்!

1921-ல் இத்தாலியில் பிறந்தவர். இயற்பெயர் ஈவோ லிவி. முசோலினிக்குப் பயந்து வெளியேறிய குடும்பம் பிரான்ஸின் மார்செய் நகரில் குடியேறியது. படிப்பைச் சின்ன வயசிலேயே விட்டுவிட்டு ஃபாக்டரி, சலூன், துறைமுகம் என்று உழைத்தார். 1944-ல் பாடகி எடித் பியாஃப் அவரைக் கைதூக்கிவிட்டார்.

எனக்குப் பெரிசாகப் படுவது வேறு விஷயம். அவர் இடதுசாரி அனுதாபி. சோவியத் படை ஹங்கேரிக்குள் புகுந்த 1956-ன் கடைசியில், எதிர்ப்பை மீறி மாஸ்கோ போய்ப் பாடினார். ஆனால் குருஷேவிடம் நேரிலேயே ஹங்கேரி பற்றிக் கேட்டார். 1968-ல் பிராக் நகரிலும் டாங்கிகள் நுழைந்தன. 1970-ல் 'வாக்குமூலம்' படத்தில், செக்கோஸ்லோவாகியாவில் பொய் வழக்கில் சித்திரவதைப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவராக, உடம்பை இளைத்து நடித்தார். பழைய தோழர்கள் பலருக்குக் கசந்தது.

1991 நவம்பர் 9-ல், 70 வயதில், படப்பிடிப்பு வேலையில் இருந்தபோதே காலமானார்.

தம்பிகளே, டிராயிங்கில் தப்பு இருந்தா ரப்பர் போதும். ஊரறிய நம்பினதை ஊரறியத் திருத்த நெஞ்சுரம் வேணும். அது அவரிடம் இருந்தது.