கடக்வாஸ்லாவில் ஒரு பொறியாளர்

மாணவர்களே! புனே நகரிலிருந்து சிங்ககட் கோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ள கடக்வாஸ்லா அணையை நீங்கள் நன்கு அறிவீர்கள். மழைக்காலத்தில் அணை நிரம்பி, நீர் வெண்ணுரையுடன் பாயும்போது அதைக் காண மக்கள் திரள்வர். முத்தா ஆற்றின் குறுக்கே ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த அணை இது. அக்காலத்தில் இவ்வேரியை ஃபைஃப் ஏரி என்று அழைத்தனர். இந்த ஏரியோடு நெருங்கிய தொடர்புடையவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

மோட்சகுண்டம் என்பது ஓர் ஊரின் பெயர். அவ்வூர் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. விசுவேசுவரய்யாவின் முன்னோர் அங்கிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டில் குடியேறினர். சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். வீட்டில் தெலுங்கு, வீதியில் கன்னடம் என இரு மொழிகளுக்கு இடையே வளர்ந்தார். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும் உங்களுக்கு இது புதிதன்று.

தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலமை மிக்கவர்; செல்வம் மிக்கவர் அல்லர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமானார். தாயார் வெங்கடலட்சுமம்மா மனம் தளரவில்லை. பெங்களூரில் இருந்த தாய்மாமன் வீட்டில் தங்கி மகன் படிக்க வழி செய்தார். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த ஊதியத்தில் விசுவேசுவரய்யா கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தார். பெங்களூர் மத்தியக் கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே 1881-இல் அவர் பெற்ற இளங்கலைப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டமே.

பொறியியல் பயில அவர் விரும்பினார். மைசூர் அரசு உதவித்தொகை அளித்தது. புனேயில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். உறவினர் எவரும் அருகில் இல்லை. நகரின் மொழியோ மராத்தி. 1883-இல் அவர் தேர்வில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் பதவி கிடைத்தது. தந்தையை இழந்த குடும்பத்திற்கு அது எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்!

நிலையான பணி கிடைத்ததும் அமைதியாக இருந்துவிடுவோர் பலர். விசுவேசுவரய்யாவோ கடினமான பணிகளையே ஏற்று வந்தார். நாசிக், கான்தேசம், சிந்து மாகாணத்துச் சுக்கூர் எனப் பல இடங்களில் பணியாற்றியபின், 1899-இல் பாசனப் பொறியாளராகப் புனேக்கே திரும்பினார்.

அப்பொழுதுதான் கடக்வாஸ்லா ஏரியின் சிக்கல் அவர் முன் வந்து நின்றது. நகரின் குடிநீருக்கும் வயல்களின் பாசனத்திற்கும் இந்த ஏரியே ஆதாரம். மழைக்காலத்தில் மிகுநீர் கலிங்கின்மேல் வழிந்து வீணாகப் போயிற்று. கோடையிலோ நீர் போதவில்லை. அணையை உயர்த்திக் கட்டப் பெரும்பொருள் வேண்டும். கலிங்கின்மேல் நிலையான சுவர் எழுப்பலாம் என்றாலோ, வெள்ளம் வரும்போது நீர் வெளியேற வழியின்றி அணைக்கே கேடு நேரும்.

விசுவேசுவரய்யா கலிங்கின்மேல் கதவுகளை அமைத்தார். எதிரெடைகளோடு இணைக்கப்பட்ட அக்கதவுகள் சாதாரண நாள்களில் மூடியிருந்து நீரைத் தேக்கும். நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டினால் தாமே திறந்துகொள்ளும். மட்டம் தாழ்ந்தால் தாமே மூடிக்கொள்ளும். நள்ளிரவு மழையில் காவலாள் ஓடிவந்து சக்கரம் சுழற்ற வேண்டியதில்லை. 1903-இல் இங்கு நிறுவப்பட்ட இக்கதவுகளால் அணையை உயர்த்தாமலே ஏரியின் நீர்மட்டம் ஏறத்தாழ 8 அடி உயர்ந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார்; ஆனால் அரசுப் பணியில் இருந்தபோது செய்தது என்பதால் அதற்கெனத் தனியே பணம் பெற அவர் விரும்பவில்லை. பின்னர் குவாலியரின் திக்ரா அணையிலும் இம்முறை கையாளப்பட்டது.

கால்வாய் நீரை ஊர்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தையும் அவர் புனேப் பகுதியில் கொண்டுவந்தார். உழவர்கள் முதலில் அதை எதிர்த்தனர். கையில் இருக்கும் நீரைப் பிறருடன் பகிர்வது எளிதா என்ன? பயனைக் கண்டபின் ஏற்றுக்கொண்டனர்.

இத்தனை செய்தும், மாகாணத்தின் தலைமைப் பொறியாளர் பதவி இந்தியர் ஒருவருக்குக் கிட்டும் காலமாக அது இல்லை. இதை உணர்ந்த அவர் 1908-இல், 25 ஆண்டுப் பணி நிறைவதற்கு முன்பே, விலகினார். வெளிநாடுகளைக் காணச் சென்றவரை ஐதராபாத்திலிருந்து அழைப்பு வந்தடைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து அந்நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டிருந்தது. அங்குச் சென்று வெள்ளத் தடுப்புத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். 1909-இல் சொந்த நாடான மைசூரின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

உங்கள் தாத்தா பாட்டியின் ஊர் திருச்சியிலோ தஞ்சையிலோ இருக்குமாயின் இச்செய்தியைக் கேளுங்கள். அங்குப் பாயும் காவிரி, கண்ணம்பாடியில் அவர் திட்டமிட்ட கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கடந்துதான் வருகிறது. கடக்வாஸ்லாவில் கையாண்ட தானியங்கிக் கதவு முறையை அங்கும் அவர் பயன்படுத்தினார். அணை எழுந்தால் கீழே உள்ள தஞ்சை வயல்கள் வாடுமே எனச் சென்னை மாகாண அரசு கவலை கொண்டது. அக்கவலையிலும் நியாயம் இருந்தது. நெடிய வழக்கிற்குப்பின் 1924-இல் இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது.

1912-இல் மைசூர் மன்னர் அவரைத் திவானாக்க விரும்பினார். பதவியை ஏற்குமுன் அவர் உறவினரை விருந்துக்கு அழைத்து, தமக்கோ பிறருக்கோ எவரும் பரிந்துரை கேட்டு வரலாகாது என்று உறுதி பெற்றதாகச் சொல்வர். குடும்பத்தில் ஒருவர் உயர்ந்தால் உதவி நாடி வரும் உற்றார் எத்தனை பேர் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அவர் திவானாக இருந்த ஆறு ஆண்டுகளில் மைசூர் வங்கியும் மைசூர்ப் பல்கலைக்கழகமும் பெங்களூர்ப் பொறியியல் கல்லூரியும் தோன்றின.

1918-இல் அப்பதவியிலிருந்தும் விலகினார். அதன்பின் பத்திராவதி இரும்பாலையை நடத்தும் பொறுப்பை ஏற்றார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னர், பீகாரில் கங்கையின்மேல் பாலம் அமைக்க இடம் தேர்ந்தெடுக்கும் பணிக்காக நேரில் சென்றார். 1955-இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1961 ஜூலை 12 அன்று, கடக்வாஸ்லாவுக்கு மேலே இருந்த பான்ஷேத் அணை உடைந்தது. பாய்ந்து வந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. புனே நகரின் பெரும்பகுதி மூழ்கியது. நூறு வயதை ஒட்டியிருந்த விசுவேசுவரய்யா அப்போது பெங்களூரில் வாழ்ந்துவந்தார். 1962 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். உடைந்த அணை மீண்டும் கட்டப்பட்டது. இன்றும் புனே மக்கள் அதன் நீரைப் பருகுகின்றனர்.