பெயர் மாறாத நாவாய்கள்: வ.உ.சிதம்பரனார் வாழ்வில் ஒரு சடங்கின் இன்மை

கட்டி முடித்த கப்பலுக்குப் பெயர் சூட்டி நீரில் இறக்குதல் கடல்சார் சமுதாயங்கள் பலவற்றில் வழங்கும் சடங்கு. ஐரோப்பியத் துறைகளில் முகப்பில் மதுப்புட்டியை உடைப்பர். இந்தியக் கப்பல் தளங்களில் தேங்காய் உடைப்பர். தமிழில் முதல் ஓட்டத்தைக் குறிக்கும் வெள்ளோட்டம் என்னும் சொல் கப்பலுக்கும் தேருக்கும் பொதுவானது. ஊர் கூடி வடம் பிடிக்கும் தேரின் நினைவு அச்சொல்லில் தங்கியிருப்பதால், அதனை வெறும் சோதனை ஓட்டம் எனப் பொருள்கொள்வது குறைவுடையது. ஆயின் தமிழர் நினைவில் கப்பலோடு பிரிக்கவியலாதவாறு இணைந்துவிட்ட வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றில் பெயர்சூட்டு விழா இல்லை. அவர்தம் நாவாய்கள் பிறர் கட்டியவை, பிறர் இட்ட பெயரோடு வந்தவை, அப்பெயரோடே சென்றவை. வரலாற்றாசிரியர்கள் அவற்றின் வருகையை விரித்துரைக்கும் அளவிற்கு இவ்வின்மையைக் கருதியதில்லை.

சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வழக்கறிஞராகி, பின்னர் தூத்துக்குடியில் குடியேறினார். அங்குக் கொழும்புக் கடல்வழியைப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் தன் பிடியில் வைத்திருந்தது. சுதேசி இயக்கம் பரவிய காலத்தில், 1906 அக்டோபர் 16இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 இலட்சம். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். கப்பல் நிறுவனம் கம்பெனி என்று மட்டுமன்றி நாவாய்ச் சங்கம் என்றும் வழங்கப்பட்டது தற்செயலாகத் தோன்றவில்லை. சங்க நூல்களில் பயிலும் நாவாய் என்னும் சொல்லும், புலவர் கூட்டத்தைக் குறிக்கும் சங்கம் என்னும் சொல்லும் வணிகப் பதிவேடு ஒன்றிற்கு அருகே வந்து நின்றன. கப்பலுக்கு நிகழாத பெயர்சூட்டல் நிறுவனத்திற்கு நிகழ்ந்தது எனலாம்.

தொடக்கத்தில் சங்கம் வாடகைக் கப்பல்களையே நம்பியிருந்தது. ஆங்கில நிறுவனத்தின் அழுத்தத்தால் அக்கப்பல்கள் கைநழுவின. கொழும்பிலிருந்து வேறொன்றை வாடகைக்கு அமர்த்தி ஓட்டம் நின்றுவிடாது காத்த சிதம்பரனார், சொந்தக் கப்பல் இன்றிச் சங்கம் நிலைக்காது எனத் தெளிந்து பம்பாய் சென்றார். கப்பலோடு அன்றித் திரும்புவதில்லை, இயலாவிடில் கடலில் வீழ்ந்து மாய்வது என்று அவர் சூளுரைத்துப் புறப்பட்டதாகக் கூறுவர். 1907 மே மாதத்தில் காலியா தூத்துக்குடி வந்தது. லாவோ என்னும் மற்றொன்றும் சேர்ந்தது. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், பொது வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். பாரதியின் இந்தியா இதழ் இவ்வருகையைக் கொண்டாடியது.

வாங்கியவர் பெயரை மாற்றுதல் கடல் வணிகத்தில் புதிதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணியை விலைக்குப் பெற்ற அமெரிக்கர் அதற்கு ஆங்கிலப் பெயரிட்டே 1938இல் மாசசூசெட்ஸ் கரைக்குக் கொண்டு சேர்த்தார். காலியாவும் லாவோவும் அவ்வாறு மாறவில்லை. அவற்றைச் சுதேசிக் கப்பல்களாக்கியவை கொடியும், பங்கு வாங்கியோர் பணமும், துறையில் கூடிய மக்கள் திரளும் ஆகும். முகப்பில் எழுதிய பெயரினும் வரவேற்பே வலிய சடங்காயிற்று என்று கொள்வது பொருந்தும்.

போட்டியில் ஆங்கில நிறுவனம் கட்டணத்தைத் தொடர்ந்து குறைத்தது. இலவசப் பயணத்தோடு குடையும் தர முன்வந்தது என்பர். 1908 மார்ச் 12இல் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் அவர் துன்புற்றிருந்த காலத்தில், 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா எதிரி நிறுவனத்திற்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையடைந்தபோது கப்பலும் இல்லை, வழக்குரைக்கும் உரிமையும் இல்லை.

பின்னைய வாழ்வு வறுமையிலும் தமிழ்ப் பணியிலும் கழிந்தது. மெய்யறம், மெய்யறிவு ஆகியவற்றை இயற்றினார். ஜேம்ஸ் ஆலன் நூல்களை மொழிபெயர்த்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை வரைந்தார். அரசியல் வரலாறுகள் இப்பகுதியை ஒரு பத்தியில் கடந்துவிடுவது தமிழாய்வுலகிற்கு இழப்பே.

நாவாய்களுக்குப் பெயரிடாத அவர் தம் மக்களுக்குப் பெயரிட்ட முறை தனியே நோக்கத்தக்கது. தமக்கு உதவிய தென்னாப்பிரிக்க வேதியப் பிள்ளையின் நினைவாக மகளுக்கு வேதவல்லி எனப் பெயர் வைத்தார். இழந்த வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெறத் துணைநின்ற ஆங்கிலேய நீதிபதி வாலஸின் பெயரைத் தமிழ் வடிவாக்கி ஒரு மகனை வாலேசுவரன் என்றழைத்தார். ஆங்கிலேயர் கப்பலை எதிர்த்து நாவாய்ச் சங்கம் கண்டவர், ஆங்கிலேயர் ஒருவர் பெயரைத் தம் குடியில் வைத்ததில் முரண் காண்பது மேலோட்டமான நோக்கு. எதிர்ப்பு ஆட்சியின்மேல் இருந்தது; நன்றி ஒரு மனிதர்க்கு உரியதாயிருந்தது. மீட்டுப் பெற்ற உரிமையைக் கொண்டு கோவில்பட்டியில் சில காலம் வழக்குரைத்து, பின்னர்த் தூத்துக்குடிக்கே திரும்பிய சிதம்பரனார், 1936 நவம்பர் 18ஆம் நாள் அத்துறைமுக நகரிலேயே மறைந்தார்.