1729: இராமானுஜன் அறிந்த இலக்கம்

வன்னியில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மரநிழலில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். கொப்பி இல்லாத நாட்களில் மணலில் தடியால் எழுதி, கையால் அழித்து, மறுபடியும் எழுதுவோம். அப்போது நான் அடிக்கடி சொன்னது சீனிவாச இராமானுஜனின் கதை. பிள்ளைகளுக்கு அதில் வரும் வாடகைக்கார் பிடிக்கும். எனக்கு அவருடைய சிலேட் பிடிக்கும்.

1887 டிசெம்பர் 22 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தகப்பனார் புடவைக்கடையில் கணக்கெழுதியவர். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தார். கடதாசிக்குக் காசில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே வாழ்க்கையை மாற்றியது.

1914 மார்ச்சில் கப்பலேறினார். சில மாதங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது. மரக்கறி மட்டும் உண்பவருக்கு ஏற்ற உணவு அரிதாயிற்று. கடற்பயணம் ஆபத்தாயிற்று. 1917 இல் நோயில் விழுந்தார். போருக்கு நடுவில், ஊர் திரும்ப வழியின்றி, அந்நிய மண்ணில் நோயாளியாகக் கிடப்பது என்னவென்று எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

லண்டன் புட்னியில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி வந்தார். தான் வந்த வாடகைக்காரின் இலக்கம் 1729, அதில் சுவாரசியம் எதுவுமில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு நேர் முழு எண்களின் கனங்களைக் கூட்டி, இரண்டு விதமாகப் பெறக்கூடிய ஆகச்சிறிய எண் அதுதான் என்றார்.

12×12×12 என்பது 1728. அதோடு 1ஐக் கூட்டினால் 1729. மறுபக்கம் 10இன் கனம் 1000, 9இன் கனம் 729. கூட்டினால் அதே 1729. இதற்கு அடுத்து இப்படி வரும் எண் 4104.

இதை அற்புதமாகவே பலர் சொல்வார்கள். உண்மை வேறு. இங்கிலாந்து போவதற்கு முன்பே இராமானுஜனின் குறிப்பேட்டில் இந்தச் சமன்பாடு இருந்தது. இரண்டு கனங்களைக் கூட்டி இன்னொரு கனத்தைப் பெறவே முடியாது. ஆனால் 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 12இன் கனத்தை விட ஒன்றே ஒன்று கூட வரும். இப்படி ஒன்றால் மட்டும் தவறும் எண்களை முடிவின்றி உருவாக்கும் வழியையும் அவர் கண்டிருந்தார். நோய்ப்படுக்கையில் வந்த பதில், சிலேட்டில் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலன்.

1919 இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 இல், 32 வயதில் மறைந்தார். கடைசி மாதங்களிலும் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தத் தாள்கள் 1976 இல்தான் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் கண்டெடுக்கப்பட்டன.

1729ஐ முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் 7, 13, 19 வரும். இதையும் மணலில்தான் செய்து காட்டினேன். பின்னர் முகாமில் எங்கள் குடும்பத்துக்கும் ஓர் இலக்கம் தந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, என் மாணவியொருத்தி தனக்குக் கிடைத்த இலக்கத்தைக் காரணிகளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.